கவலையும் அடைக்கலமும்: கிறித்தவ நம்பிக்கையில் மனச்சுமையை இறக்கி வைத்தல்

கவலையை இறைவனிடம் ஒப்படைத்தல் என்பது கிறித்தவ ஆன்மிகத்தின் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. நாளை என்ன ஆகுமோ என்ற மனச்சுமையை வேண்டுதல் வழியாகக் கடவுளிடம் விட்டுவிட்டு, இன்றைய கடமையைச் செய்வதை இது குறிக்கிறது. தமிழ்க் கிறித்தவ மரபில் இதற்குப் பொருத்தமான சொல் 'அடைக்கலம்'. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் உள்ள அடைக்கல மாதா திருத்தலம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது.

சொற்பொருள்

சங்க இலக்கியத்தில் 'கவலை' என்ற சொல் பலவாகப் பிரிந்து செல்லும் வழிகளையும் குறிக்கிறது. எந்த வழியில் போவது என்று தெரியாமல் நிற்கும் வழிப்போக்கனின் நிலை மனக்கவலைக்கும் பொருந்தும். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் கவலைப்படுதலைக் குறிக்கும் 'மெரிம்னாவோ' என்ற வினைச்சொல்லையும், பிரித்தல் என்ற பொருளுடைய சொல்லோடு விளக்கவுரையாளர் பலர் இணைத்துக் காட்டுவர். ஆக, இரு மொழிகளிலுமே கவலை என்பது ஒரு மனம் பல திசைகளில் இழுக்கப்படும் நிலையாகும்.

விவிலியத்தின் பார்வை

மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் இயேசு வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் சுட்டிக்காட்டி, உணவையும் உடையையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார். தேவைகளே இல்லை என்று அவர் கூறவில்லை. அதே அதிகாரத்தில்தான் அன்றன்றைக்குரிய உணவைக் கேட்கும் வேண்டுதலையும் கற்றுத் தருகிறார். ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய தொல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறார். நாளைய சுமையையும் சேர்த்து இன்றே சுமக்க வேண்டாம் என்பதே அவர் தரும் அறிவுரை.

பேதுருவின் முதல் திருமுகம் 5ஆம் அதிகாரம், கவலைகள் அனைத்தையும் கடவுள்மேல் போட்டுவிடச் சொல்கிறது. அங்கு வரும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. இயேசு எருசலேமுக்குச் செல்லுமுன் சீடர்கள் தங்கள் மேலுடைகளைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டதை லூக்கா 19ஆம் அதிகாரம் அச்சொல்லால்தான் கூறுகிறது. தோளில் கிடப்பதை எடுத்து, சுமக்கக்கூடிய மற்றொன்றின்மேல் வைப்பது என்பது இதன் கருத்து.

பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், கவலையை நன்றியோடு கூடிய வேண்டுதலாக மாற்றுமாறு பவுல் கூறுகிறார். அவர் அதை எழுதியது சிறையிலிருந்து. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அவர் அங்கு வாக்களிக்கவில்லை. உள்ளத்தைக் காக்கும் அமைதி கிடைக்கும் என்றே கூறுகிறார்.

ஏலாக்குறிச்சி

ஏலாக்குறிச்சி, திருமானூருக்கு அருகே கொள்ளிடத்தின் வடபுறத்தில் உள்ளது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குத் திருக்காவலூர் என்ற பெயரும் உண்டு. 'காவல்', 'அடைக்கலம்' ஆகிய இரண்டும் ஒரே கருத்தின் இரு பக்கங்கள்.

இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இங்குப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இங்குள்ள அன்னையைப் போற்றித் 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். கடும் நோயான ராஜபிளவையால் துன்புற்ற அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயர் இங்கு வந்து குணமடைந்தார் என்றும், நன்றியாக ஆலயத்துக்கு நிலம் வழங்கினார் என்றும் மரபுவழியாகக் கூறப்படுகிறது. அவர் கிறித்தவர் அல்லர். அடைக்கலம் தேடி வருபவரிடம் சமயம் கேட்கப்படவில்லை என்பது இம்மரபில் கவனிக்கத்தக்கது.

வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' காப்பியத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். நற்செய்தியின்படி, மரியா கருவுற்றதை அறிந்து கலங்கியவர் அவர். குழந்தையைக் காக்க இரவோடு இரவாக எகிப்துக்குச் சென்றவரும் அவரே. கனவில் வழிகாட்டப்பட்டபின் அவர் உறங்கிக் கிடக்கவில்லை. எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்தார். நம்பிக்கையும் செயலும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதற்கு அவர் சான்று.

அன்றாட வாழ்வில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் உழவருக்குக் கவலைகள் பல. மழை வருமா, படைப்புழு தாக்குமா, விலை கிடைக்குமா, கடனை எப்போது அடைப்பது? இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே ஒப்படைத்தலின் முதல் படி. விதை நேர்த்தி, பயிர்க் காப்பீடு, கடன் கொடுத்தவரிடம் நேரில் பேசுவது ஆகியவை அவர் கையில் உள்ளவை. மழையும் சந்தையும் அவர் கையில் இல்லை. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை வேண்டுதலில் வைப்பதே இந்தப் பயிற்சி.

இரவில் உறக்கம் வராதபோது, கவலையைப் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்காமல் பெயர் சொல்லி வேண்டுவது பலருக்கு உதவுகிறது. 'எல்லாம் போச்சு' என்பதைவிட, 'வெள்ளிக்கிழமை வட்டி கட்ட வேண்டும்' என்பது சிறிய சுமை. கவலை மறுநாளும் திரும்பி வரலாம். அதனால் ஒப்படைத்தல் ஒருமுறையோடு முடிவதில்லை, நாள்தோறும் செய்யப்படுகிறது.

தவறான புரிதல்கள்

கவலைப்படுவோரை 'விசுவாசம் இல்லாதவர்' என்று கடிந்துகொள்வது அவர்களுக்கு இரண்டாவது சுமையை ஏற்றுகிறது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே சாவு வரும் அளவுக்குத் துயரம் கொண்டதாக மத்தேயு 26ஆம் அதிகாரம் கூறுகிறது. கலக்கம் குற்றமன்று. அவர் அதை மறைக்கவும் இல்லை. தந்தையிடம் கூறினார், நண்பர்களை உடன் விழித்திருக்கக் கேட்டார். சுமையை மற்றவரோடு பகிர்வதும் ஒப்படைத்தலின் ஒரு பகுதியே.

வேண்டுதல் மருத்துவத்துக்கு மாற்றும் அன்று. 6 மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் கட்டுப்படுத்த முடியாத கவலையும், அதனோடு உறக்கக் குறைவு, களைப்பு, எரிச்சல் போன்றவையும் இருந்தால் அது பதற்றக் கோளாறாக இருக்கலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2022இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் சுகாதார உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆலயப் படியேறுவதைப் போலவே மருத்துவமனைப் படியேறுவதும் அடைக்கலம் தேடுவதே.