வெப்பநிலையும் பகற்பொழுதும் மாணவர் ஏட்டில்

வெயில் படும் வெப்பமானி காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. தான் ஏற்ற வெயிலின் வெப்பத்தையே காட்டும். ஆகவேதான் வானிலை நிலையங்களில், வெள்ளை வண்ணம் பூசிய, காற்றோட்டமுள்ள பெட்டியினுள், தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் அக்கருவி வைக்கப்படுகிறது. பள்ளிகளிலும் இம்முறையே ஏற்றது.

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்தின் உச்ச அளவையும் மிகக் குறைந்த அளவையும் குறித்து, கருவியைத் திரும்பச் சரிசெய்தல் வேண்டும். அவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி கிடைக்கும். சான்றாக, உச்சம் 34 பாகை, குறைந்த அளவு 22 பாகை எனில் சராசரி 28 பாகை சென்டிகிரேடு. மாதச் சராசரிக்கு நாட்சராசரிகளைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தல் வேண்டும். குறிக்கத் தவறிய நாளை ஊகித்து நிரப்புதல் கூடாது; அதனை விடுத்து, எஞ்சிய நாட்களால் வகுத்தலே முறை.

சூரியன் உதிப்பது முதல் மறைவது வரையுள்ள காலம் பகற்பொழுது. தில்லியில் அது ஜூன் பிற்பகுதியில் ஏறத்தாழ 14 மணி நேரமும், டிசம்பர் பிற்பகுதியில் ஏறத்தாழ 10¼ மணி நேரமும் ஆகும். ஆயினும் அங்கு மிகுந்த குளிர் நிலவும் மாதம் டிசம்பர் அன்று, ஜனவரியே. பகல் நீளத் தொடங்கிய பின்னரும், நிலம் பெறும் வெப்பத்தினும் இழக்கும் வெப்பம் சில வாரங்கள் மிகுந்திருத்தலே இதன் காரணம். ஊகம் கலவாத ஏடாயின், இவ்வுண்மையை மாணவர் தாமே அதில் கண்டறிவர்.