12-ல் ஒரு பங்கு கவுன்: விக்டோரியா கால பொம்மை உடை தைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் ஒரு சிறுமி. கூட விளையாட ஆள் அதிகம் இல்லை. தனியாகத் தூங்கவும் அனுமதி இல்லை. அம்மா அறையில்தான் படுக்க வேண்டும். எங்கே போனாலும் கண்காணிப்பு. அந்தச் சிறுமிக்குத் துணையாக இருந்தவை 132 மரப் பொம்மைகள்.

பின்னாளில் பிரிட்டனின் ராணியான விக்டோரியாதான் அவர். பொம்மைகளின் உயரம் 3 முதல் 9 அங்குலம். அரசவைப் பெண்கள், ஓபரா, பாலே கலைஞர்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம். அவற்றில் 32 பொம்மைகளுக்கு விக்டோரியாவே உடை தைத்தார். மற்றவற்றுக்கு அவரைப் பார்த்துக்கொண்ட லேசன் உதவினார். அரை அங்குலக் கைக்குட்டையில்கூட பெயரின் முதல் எழுத்து பின்னப்பட்டிருந்தது. கிட்டத்தட்ட 14 வயது வரை நீடித்த விளையாட்டு இது. 18 வயதில், 1837-ல், அவர் ராணியானார்.

அவர் பெயரால் அழைக்கப்படும் காலத்து உடைகளைக் குட்டியாகத் தைப்பது இன்று பல நாடுகளில் தீவிரமான பொழுதுபோக்கு. சும்மா இரண்டு துணியை ஒட்டினால் போதாதா? போதாது. ஏன்னு பார்ப்போம்.

துணி சுருங்காது!

இந்த வேலையில் பிரபலமான அளவு 12-ல் 1. அதாவது நிஜத்தில் ஒரு அடி, பொம்மையில் ஒரு அங்குலம். ஐந்தரை அடிப் பெண், ஐந்தரை அங்குலப் பொம்மை ஆகிவிடுவார். ஆனால் அவர் உடுத்தும் துணி? அது அதே தடிமன், அதே விறைப்பு.

சிக்கலே இங்கேதான். பெரிய பாவாடை தன் எடையாலேயே அழகாகத் தழைந்து விழும். பொம்மைப் பாவாடையில் அந்த எடை கிடையாது. துணி கீழே விழாமல் குடை மாதிரி விரிந்து நிற்கும். 3 மில்லிமீட்டர் தையல் ஓரம் விட்டாலும், பொம்மையின் கணக்கில் அது 36 மில்லிமீட்டர்! இடுப்பில் நாலு மடிப்பு சேர்ந்தால், பொம்மைக்குத் தொப்பை போட்டதுபோல் ஆகிவிடும்.

எந்தத் துணி சரி?

மெல்லிய பட்டு, மஸ்லின், லான் போன்ற சன்னமான பருத்தி, குறுகலான பட்டு ரிப்பன். பூப்போட்ட துணி என்றால் பூ கடுகளவு இருக்க வேண்டும். 2 செ.மீ. பூ, பொம்மை மேல் 24 செ.மீ. பூவாகத் தெரியும். பழைய பட்டுக் கைக்குட்டை, கழுத்து டை எல்லாம் இவர்களுக்குப் புதையல்.

எப்படித் தைக்கிறார்கள்?

மெல்லிய பட்டை வெட்டியதுமே ஓரம் பிரிய ஆரம்பிக்கும். அதனால் வெட்டும் கோட்டில் முதலில் மெல்லிய பசை தடவிக் காயவிடுவார்கள், அப்புறம்தான் கத்தரிக்கோல். பசை அதிகமானால் கறை தெரியும். எனவே துண்டுத் துணியில் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

ஊசி 10 அல்லது 12-ம் எண். எண் கூடினால் ஊசி மெலியும். மடிப்புகளைக் குண்டூசியால் பிடித்து, ஆவி காட்டி, முழுதாக உலர்ந்த பிறகே ஊசியை எடுப்பார்கள். எடை செய்ய வேண்டிய வேலையை ஆவி செய்கிறது. அவ்ளோதான் ரகசியம்.

1850-களின் பிற்பகுதி என்றால் எஃகு வளையம் வைத்த, கூண்டு போன்ற பாவாடை. 1870, 80-களில் பின்புறம் மட்டும் புடைத்த பாவாடை. உள்ளே இருக்கும் வடிவம் தப்பினால் மேலே எவ்வளவு லேஸ் வைத்தாலும் காலம் பொருந்தாது.

பழைய பட்டு கிடைத்தால்?

அசல் விக்டோரியா காலப் பட்டு கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் உஷார். பட்டு இழையில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. அதை நீக்கும்போது சுமார் கால் பங்கு எடை குறையும். பட்டு எடை போட்டு விற்கப்பட்ட பொருள். அந்த இழப்பை ஈடுகட்ட, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீய உப்பு போன்றவற்றை ஏற்றினார்கள். கையில் கனமாக, சரசரவென்று இருந்தது. ஆனால் அந்த உப்பே காலப்போக்கில் இழையை அரித்தது. இன்று மடித்தாலே கீறல் விழும். அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

பழைய பொம்மை வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறும் இதுதான்: நைந்த உடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவது. அருங்காட்சியகங்களைக் கேட்டால், அந்தக் கந்தல்தான் ஆவணம் என்பார்கள். அதைத் துவைக்காமல், அமிலமற்ற தாளில் வைத்து, வெளிச்சம் படாமல் பாதுகாக்க வேண்டும். புதிய உடையைத் தனியாகத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

விக்டோரியா தைத்த பொம்மைகளை இன்றும் பார்க்க முடிகிறது என்றால் காரணம் எளிது. பழசாகிவிட்டதே என்று யாரும் அவற்றுக்கு உடை மாற்றவில்லை. தனிமையில் இருந்த ஒரு சிறுமியின் கைத்தையல், அதனால்தான் இன்னும் மிச்சமிருக்கிறது.