தொட்டியில் மேப்பிள்: உரத்தைவிட உறக்கம் முக்கியம்!

முழங்கால் உயரம்கூட இல்லாத மரம். அடிமரமோ மணிக்கட்டுப் பருமன். இலையுதிர் காலத்தில் இலைகள் குங்குமச் சிவப்பு. ஜப்பானிய மேப்பிள் போன்சாயைப் படத்தில் பார்ப்பவர்களுக்கு, வீட்டு மாடியிலும் ஒன்று வளர்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால், ஆசைப்பட்டு இணையத்தில் விதை வாங்கும் பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சுகிறது. காரணம் புரிய வேண்டுமென்றால், இந்த மரத்தை அதன் சொந்த மண்ணில் எப்படி வளர்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

போன்சாய்க்கு ஒரு கிராமம்

டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா நகரில் இருக்கிறது ஓமியா போன்சாய் கிராமம். 1923-ம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, டோக்கியோவில் தொழில் செய்துவந்த போன்சாய் வளர்ப்பாளர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி, 1925-ல் இங்கு குடியேறினார்கள். குடியேறுபவர் குறைந்தது 10 போன்சாய் வைத்திருக்க வேண்டும், வீட்டைச் சுற்றி உயிர்வேலிதான் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி வைத்திருந்தார்கள். 2010-ல் இங்கு போன்சாய் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

பருவம் தவறாத வேலை

அடிமரம் பருக்க, இளங்கன்றைச் சில ஆண்டுகள் தரையில் நட்டு வளர்ப்பதுண்டு. நன்கு வளரவிட்டுத் தண்டை வெட்டுவார்கள். பக்கக் கிளை ஒன்று தலைக்கிளையாக எழும்பும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அடி பருத்து, நுனி மெலிந்த தண்டு உருவாகும்.

குளிர்காலம் முடிந்து, மொட்டு விரிவதற்குச் சற்று முன்பாகத் தொட்டி மாற்றுவார்கள். நேர்க்கீழாக இறங்கும் தடித்த வேர்களை வெட்டிவிட்டு, பக்கவாட்டில் பரவும் வேர்களை மட்டும் விடுவார்கள். மரம் மண்ணைப் பற்றி நிற்கும் அழகு இந்த வேர்களில்தான் இருக்கிறது. இதற்கு, ‘அகடாமா’ எனப்படும், தண்ணீர் தேங்காத எரிமலைக் களிமண் குருணையைப் பயன்படுத்துகிறார்கள்.

வசந்தத்தில் குருத்து விரியும்போது, முதல் ஜோடி இலையை விட்டுவிட்டு, நடுக்குருத்தைச் சாமணத்தால் கிள்ளிவிடுவார்கள். மேப்பிளில் இலைகள் எதிரெதிராக வருவதால், ஒரு கிளை இரண்டாகப் பிரியும். கோடையின் தொடக்கத்தில், திடமான மரங்களுக்கு மட்டும் காம்பை விட்டு இலைகளை நறுக்குவார்கள். சில வாரங்களில் சிறிய இலைகள் துளிர்க்கும். நலிந்த மரத்திலும், அந்த ஆண்டு தொட்டி மாற்றிய மரத்திலும் இதைச் செய்யக் கூடாது.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். மேப்பிளின் பட்டை மெல்லியது. வளர்ச்சிக் காலத்தில் கம்பியை அடிக்கடி கவனிக்காவிட்டால், அது பட்டையில் பதிந்து தழும்பாகிவிடும்.

குளிரே அடிப்படை

இவை எல்லாம் கைவேலைகள். மனிதக் கையால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அது குளிர்கால உறக்கம். இலையைக் கொட்டிவிட்டுச் சில மாதங்கள் குளிரில் உறங்கினால்தான், மேப்பிள் வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். விதைக்கும் இதே கதைதான். ஈர மணலில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் 3 மாதங்கள் வரை வைத்தால் முளைக்க வாய்ப்புண்டு. ஆனால், வளர்ந்த மரத்தை ஆண்டுதோறும் பெட்டிக்குள் வைக்க முடியுமா?

சென்னை, மதுரை போன்ற சமவெளிப் பகுதிகளில் அந்தக் குளிர் கிடையாது. உறக்கம் கிடைக்காத மரம் ஆண்டுக்கு ஆண்டு நலிந்துபோகும். போதாக்குறைக்கு, கோடை வெயில் இலை ஓரங்களைக் கருக்கிவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் பயனில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். நீல நிற மேப்பிள் விதை என்று விளம்பரம் வந்தால், எங்கிருந்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள். நீல இலை மேப்பிள் என்று ஒரு மரமே உலகில் இல்லை.

சமவெளியில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. வேர்க் கவாத்து, குருத்துக் கிள்ளுதல், கம்பி கட்டுதல் ஆகியவற்றை ஆல், இச்சி, புளி, காகிதப்பூ போன்றவற்றில் பழகலாம். ஓமியாவில் இருப்பவர்கள் தங்கள் குளிருக்கு ஏற்ற மரத்தை வளர்க்கிறார்கள். நம் வெயிலுக்கு ஏற்ற மரத்தை நாம் தேர்ந்தெடுத்தால், பணமும் மிச்சம், காத்திருக்கும் காலமும் வீணாகாது.