பன்னிரண்டு கேள்விகளில் அடங்குமா மூர்க்கம்?

ஒருவர் எவ்வளவு மூர்க்கமானவர் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்று நம்பித்தான் உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேள்வித்தாள் தயாரித்துவருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆர்னால்டு பஸ், டர்க்கி என்பவரோடு சேர்ந்து 1957இல் வெளியிட்ட தாளில் 75 வாக்கியங்கள் இருந்தன. 1992இல் பஸ்ஸும் மார்க் பெர்ரியும் புதிதாக எழுதிய தாளில் 29தான். பிரையன்ட், ஸ்மித் இருவரும் 2001இல் அதை 12 ஆக்கினார்கள். 2014இல் வெப்ஸ்டர் குழுவினர் தந்த வடிவத்திலும் 12தான். இந்தச் சின்னத் தாள்கள் கூட்டத்தை அறிய அருமையான கருவிகள். ஒரு தனிமனிதரை எடைபோட அவற்றை எடுத்தால் அநியாயம் நடக்கும் என்பதே என் வாதம்.

பஸ்ஸும் பெர்ரியும் செய்த பெரிய காரியம், மூர்க்கத்தை ஒரே குணமாகப் பார்க்காததுதான். 1,253 கல்லூரி மாணவர்களின் பதில்களை அலசியபோது அவை நான்கு கூறுகளாகப் பிரிந்தன: கைநீட்டுவது, வாய்ச்சண்டை, கோபம், வன்மம். சீண்டினால் அடித்துவிடுவேன், பிறர் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதாகத் தோன்றுகிறது என்பதுபோன்ற வாக்கியங்களுக்கு, அது தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். முடிவு சுவாரசியமானது. கைநீட்டுவதில் ஆண்கள் பெண்களைவிட வெகுவாக முந்தினார்கள். வாய்ச்சண்டையிலும் வன்மத்திலும் இடைவெளி சிறிது. கோபத்தில் வித்தியாசமே இல்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லியிருந்தால் இந்த உண்மை மறைந்தே போயிருக்கும். 12 கேள்வித் தாளும் ஒவ்வொரு கூறுக்கும் மூன்று கேள்விகளை விட்டுவைப்பது அதனால்தான்.

‘தான் அடிதடிக்காரன் என்று எவன் எழுதிக்கொடுப்பான்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பெயர் எழுதாத தாளில், பதிலால் லாபமோ நட்டமோ இல்லாதபோது, அந்த ஆசைக்கு வேலை குறைவு. பஸ்ஸும் பெர்ரியும் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதை உடன் பழகும் நண்பர்களின் கணிப்போடு ஒப்பிட்டபோது, கைநீட்டும் குணத்தில் இரண்டும் ஓரளவு நன்றாகவே ஒத்துப்போயின. வாய்ச்சண்டையில் பொருத்தம் குறைவு. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் தன் எதிராளிக்கு எவ்வளவு உரத்த இரைச்சலைத் தண்டனையாகக் கொடுக்கிறார் என்று பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் அது அந்த நேரத்து நடத்தையைத்தான் காட்டும்; ஆண்டுக்கணக்கில் படிந்த சுபாவத்தை ஒரே அமர்வில் பிடித்துவிடாது.

உண்மையான பலவீனம் பொய்யில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 29 கேள்வித் தாளில் கைநீட்டும் குணத்துக்கு ஒன்பது கேள்விகள். அவற்றின் உள்நம்பகத்தன்மை, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு, 0.85; 1 என்றால் முழுமை. ஒன்பதை மூன்றாகக் குறைத்தால், புள்ளியியலின் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி அது சுமார் 0.65க்கு இறங்கும். நல்ல கேள்விகளாகப் பொறுக்கினால் சற்று மேம்படும், அவ்வளவுதான். மூன்று கேள்விக்கு மதிப்பெண் 3 முதல் 15 வரை. மக்களிடையே அது சராசரியிலிருந்து விலகும் அளவு (திட்ட விலக்கம்) 3 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 9 வாங்கினால் அவருடைய உண்மையான இடம் ஏறத்தாழ ஐந்தரையிலிருந்து பன்னிரண்டரைக்குள் எங்கும் இருக்கலாம். சாதுவும் முரடரும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுவார்கள். அதே தாளை 400 பேர் நிரப்பினால், தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சராசரியில் அந்தத் தடுமாற்றம் இருபதில் ஒரு பங்காகிவிடும். ஊரளவு ஆய்வில் குடிப்பழக்கம், தூக்கமின்மை, வேலையின்மை ஆகியவற்றோடு சேர்த்துக் கேட்க இதுவே போதும். நூறு கேள்விகள் நீட்டினால் பாதியில் சலித்துப்போய்க் கைக்கு வந்ததை வட்டமிடுகிறவர்களே மிஞ்சுவார்கள்.

ஆகவே ஆய்வாளர்கள் இந்தத் தாளைத் தயங்காமல் பயன்படுத்தட்டும். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கவோ, மாணவரைப் பள்ளியிலிருந்து விலக்கவோ, கைதியின் விடுதலையை முடிவுசெய்யவோ இதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. பதிலால் லாப நட்டம் வரும் அந்த இடங்களில் ஒளிவுமறைவும் கூடும், கணக்கின் தடுமாற்றமும் அப்படியே நிற்கும். உங்கள் பிள்ளையைப் பற்றி அப்படியொரு மதிப்பெண்ணை யாராவது நீட்டினால், அது எத்தனை கேள்விகளில் வந்தது, முன்னும் பின்னும் எவ்வளவு பிழைக்கு இடமுண்டு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரின் தீர்ப்பை ஏற்காதீர்கள்.