புழக்கடை வாழைக்கு வந்த வினை

வீட்டில் ஒரு வாழை இருந்தால் இலைக்கும் காய்க்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. ஆனால் அதன் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாய்க் குவிந்து, காம்பில் கரும்பச்சைக் கோடுகள் காணுமாயின், அது முடிக்கொத்து நோயேயாகும். 1889-ல் பிஜித் தீவில் முதன்முதல் அறியப்பட்ட இவ்வியாதி, பிற்காலத்தில் பழனி மலையின் விருப்பாட்சி வாழையைப் பெரிதும் அழித்தது.

அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த வைரஸுக்குப் பரிகாரம் கிடையாது. இரக்கப்பட்டு அம்மரத்தை விட்டுவைப்பது மற்ற வாழைகளுக்குச் செய்யும் துரோகம். பூச்சிகள் அயல் மரத்துக்குத் தாவாதபடி முதலில் மருந்து தெளித்து அவற்றைக் கொல்லுங்கள். பிறகு மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அழியுங்கள். பக்கக் கன்று பார்வைக்குச் செழிப்பாயிருப்பினும் தாயின் நோய் அதனுள் மறைந்திருக்கும். அதை அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள்!