வானத்தின் மேல் பழி போடலாமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! கொத்தமல்லிக் கட்டைச் சந்தையில் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கிற சூளகிரிப் பெரியோர்களே, தாய்மார்களே!

வானம் நமக்குத் தருவது அச்சமா, அறிவா? அச்சம்தான் என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். சாட்சிக்கு நாட்றம்பள்ளியைக் கூப்பிட்டார். ரொம்ப நல்லது! நானும் அங்கேயே வருகிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர் தாண்டினால் நாட்றம்பள்ளி. 2016 பிப்ரவரி 6 அன்று அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பயங்கர வெடிச்சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். தரையில் பள்ளம். ஜன்னல் கண்ணாடிகள் தூள். விழுந்தது விண்கல் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் உதவியும் அறிவித்தார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி அல்லவா இருக்கிறது என்றார்கள்.

யாரை நம்புவது? கல்குவாரி வெடியைக் கேட்டே வளர்ந்த ஊரய்யா இது. நீங்களே சொல்லுங்கள்.

சின்னக் கல் ஒன்று வானத்திலிருந்து வினாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. காற்று சும்மா விடுமா? மேல்தோல் உருகி வழியும். வேகம் பாதி வழியிலேயே செத்துவிடும். அப்புறம் அது வெறும் கல், மேலேயிருந்து விழுகிற கல். 1954இல் அமெரிக்காவின் அலபாமாவில் சுமார் 4 கிலோ விண்கல் கூரையைப் பொத்துக்கொண்டு வந்து, ரேடியோவில் பட்டு, சோபாவில் தூங்கிய ஒரு பெண்மணியின் இடுப்பில் விழுந்தது. கன்றிப்போனதோடு பிழைத்துக்கொண்டார். கல் வெடிக்கவில்லை!

கண்ணாடியெல்லாம் நொறுங்க வேண்டுமா? பெரிய கல் வேண்டும். 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வந்ததே, சுமார் 20 மீட்டர் கல், அது வெடித்தது 30 கிலோமீட்டர் உயரத்தில். சூரியனைத் தோற்கடிக்கிற வெளிச்சம்! என்ன என்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்தது. சுமார் 1500 பேருக்குக் காயம். பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயம். அப்படிப்பட்ட விருந்தாளி ஒரு கல்லூரிக்கு மட்டும் ரகசியமாக வந்துபோவாரா? தருமபுரிக்காரரும் பார்த்திருப்பாரே!

இது வெறும் வாதத்துக்காக இல்லை, நடுவர் அவர்களே. ஓர் உயிர் போயிருக்கிறது. விண்கல் என்று முடித்துவிட்டால், எது வெடித்தது, எப்படி வெடித்தது என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். வானம் மறுத்துப் பேசாது, மானநஷ்ட வழக்கும் போடாது!

அப்படியானால் பயமே வேண்டாமா? 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ பக்கம் விழுந்த சுமார் 10 கிலோமீட்டர் கல்லைக் கேட்டால் டைனோசர்கள் பயந்திருக்க வேண்டும். பாவம், அவற்றிடம் தொலைநோக்கி இல்லை. நம்மிடம் இருக்கிறது. பக்கத்திலேயே, வாணியம்பாடிக்கு மேலே காவலூரில். 1988இல் அங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு நம்ம கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபஸ் என்கிற குட்டிக் குறுங்கோள் மேல் வேண்டுமென்றே மோதவிட்டது. தன் தாய்க்கல்லை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த கல், அதற்குப் பிறகு 32 நிமிடம் முன்னதாகவே சுற்றி முடிக்கிறது!