வானம் வெளுக்குது, முகம் கறுக்குது... 0.5-ல் படம் எடுப்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அதன் முன்னால் குடும்பத்தை நிறுத்தி மொபைலில் படம் எடுத்தால், ஒன்று விமானத்தின் தலை வெட்டுப்படும். இல்லை, தாத்தாவின் கால் வெட்டுப்படும். உடனே விரல் 0.5-க்குப் போகும். எல்லாம் அடங்கிவிடும். ஆனால், வானம் வெள்ளைத் தாளாகவும் முகங்கள் கறுப்பாகவும் இருக்கும்!

அல்ட்ரா வைடு லென்ஸ் வானத்தையும் சேர்த்து அள்ளிவருவதுதான் காரணம். பளீர் வானம், நிழலான கல் இரண்டையும் ஒரே வெளிச்ச அளவில் சமாளிக்க முடியாமல் கேமரா திணறுகிறது.

திரையில் விமானத்தைத் தொடுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேகத்தின் வடிவம் தெரியும்வரை கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாகத் தெரியும், பரவாயில்லை. நிழலை எடிட்டிங்கில் ஓரளவு தூக்கிவிடலாம். முழுதாக வெளுத்த வானம் திரும்பாது. ஹெச்.டி.ஆர் வசதி இருந்தால் ஆன் செய்துகொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். இது கிழக்கு பார்த்த கோயில். நுழைவாயில் பக்கமிருந்து காலையில் எடுத்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கல் பொன்னாக மின்னும். (குழந்தைகள் கண்ணைச் சுருக்குவார்கள், உங்கள் நிழலும் ஃப்ரேமுக்குள் நீளும்; கவனம்!) மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும்.

இருட்டிய பிறகு 0.5 வேண்டாம். பல மொபைல்களில் அந்த கேமராவின் சென்சார் சிறியது. படம் புள்ளி புள்ளியாக வரும். 1-க்கு மாறி, நாலடி பின்னால் நகருங்கள்.